புகார் போன இடத்துக்கே திரும்பி வந்துவிட்டது, இனி யாரிடம் போவது?

லயத்துப்பிள்ளை எழுதியது:

வணக்கம். பேராக்கில் ஒரு தோட்டப் பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம், ஏன் என்று கடைசி வரைக்கும் படித்தால் தெரியும். அப்பா காலத்தில் சுற்றிலும் பால்மரம், இப்போது எல்லாம் செம்பனை. தொழிலாளர் குடியிருப்பான லயத்தை இடித்த பிறகு கிடைத்த தரைவீட்டு வரிசை ஒன்றில் இருக்கிறோம், பெரும்பாலும் நம் ஆட்கள்தான்.

விஷயம் சின்னது. வீடுகளுக்குப் பின்னால் ஓடும் லோங்காங், அதாவது சாக்கடை வாய்க்கால். போன வருடம் அதற்கு கான்கிரீட் போட ஒரு இலாகா குத்தகை விட்டது. வேலை ஆரம்பித்தபோது இரண்டு கம்பம் நட்டு ஒரு பலகை வைத்தார்கள், அதில் நீளம் 250 மீட்டர் என்று எழுதியிருந்தது. ஆனால் கான்கிரீட் எங்கள் வீட்டோடு நின்றுவிட்டது. அதற்கு அப்பால் பழைய மண் வாய்க்கால், லாலாங் புல், யாரோ தூக்கிப் போட்ட மெத்தை. நானும் மச்சானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நைலான் கயிறு பிடித்து அளந்தோம், 140 மீட்டர்கூட முழுசாக வரவில்லை. மழை அடித்தால் மேல்வீட்டுத் தண்ணீர் எல்லாம் கான்கிரீட்டில் வழுக்கிக்கொண்டு வேகமாக வந்து, அது முடிகிற இடத்தில், அதாவது என் சமையல்கட்டு வாசலில், கொட்டுகிறது. முன்பாவது மெதுவாக வரும். அம்மா கோணிப்பையில் மண்ணை நிரப்பி வாசலில் அடுக்கி வைத்திருக்கிறார்.

ஆன்லைனில் புகார் போட்டேன். இரண்டு வாரத்தில் 'செலெசாய்' என்று பதில் வந்தது. முடிந்துவிட்டதாம்! யாரும் வந்து பார்க்கவே இல்லை. சரி என்று அதற்கு மேலே இருக்கிற ஒரு புகார் அலுவலகத்துக்கு எழுதினேன். அவர்கள் என் கடிதத்தை அப்படியே, என் பெயர், ஐசி நம்பர், போன் நம்பரோடு, அதே இலாகாவுக்கு அனுப்பி விளக்கம் கேட்டிருக்கிறார்கள். அடுத்த நாள் காலையில் அந்த அதிகாரியே எனக்குப் போன் போடுகிறார். மிரட்டவெல்லாம் இல்லை, ரொம்ப மரியாதையாக, 'ஏன் மேலே வரைக்கும் போனீர்கள், என்னிடமே சொல்லியிருக்கலாமே' என்று சிரித்துக்கொண்டே மலாயில் கேட்கிறார். அந்தச் சிரிப்பில் போன தூக்கம் இன்னும் வரவில்லை. வீட்டுக்காரி பசியாறல் கடை வைத்திருக்கிறாள், லைசென்ஸ் புதுப்பிக்க அதே கட்டடத்துக்குத்தான் போக வேண்டும்.

அந்த வாரமே பலகையையும் காணோம். கம்பம் நட்ட குழி இரண்டும் அப்படியே இருக்கிறது, தண்ணீர் நிற்கிறது.

என் கேள்வி இதுதான். சுயேச்சை ஆணையம், கண்காணிப்பு வாரியம், பணியகம் என்று செய்தியில் நிறைய வருகிறதே, உண்மையிலேயே இலாகாவுக்கு வெளியே நின்று இலாகாவைப் பார்க்கிறவர்கள் யாராவது இருக்கிறார்களா, இல்லை ஒரே ஆள் சட்டை மாற்றிக்கொண்டு வருவதுதானா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கோப்பிஓ_கோசோங்:

அண்ணே, நேரத்தை வீணாக்காதீர்கள். ஒய்பி ஆபிசுக்கு, அதான் நம் தொகுதி மக்கள் பிரதிநிதி ஆபிசுக்கு, போங்கள், தேர்தல் கிட்டத்தில் என்றால் இன்னும் நல்லது. எங்கள் தாமானில் மூன்று வருடமாக எரியாத தெருவிளக்கு, ஒய்பி வந்து நின்று படம் எடுத்த மறுநாள் எரிந்தது. ஆணையமாம், பணியகமாம். காவல்கார ஜாகாவுக்குச் சம்பளம் கொடுப்பதே முதலாளி தௌக்கேதான். தௌக்கே திருட வந்தால் ஜாகா கேட்டைத் திறந்து சலாம் போடுவான், வேறு என்ன செய்வான்?


ஓய்வு_கெராணி:

கோப்பி தம்பி விளையாட்டாகச் சொன்ன ஜாகா கதைதான் முழு விஷயமும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், ஓய்வு பெற்றவனுக்கு வேறு வேலை இல்லை.

நான் முப்பது வருடம் அரசாங்கத்தில் ஃபைல் தூக்கியவன். என் அப்பா தோட்டத்து ஆபிஸ் கிராணி. தோட்டத்தில் இரண்டு விதமான காவல் இருந்தது. ஒருவர் ஸ்டோர் ஜாகா. உரமூட்டை வெளியே போனால் சீட்டு இருக்கிறதா என்று பார்ப்பார், சீட்டில் துரை கையெழுத்து இருந்தால் அதற்கு மேல் வாய் திறக்க மாட்டார், அவருக்குச் சம்பளம் போடுவதே துரைதானே. இன்னொருவர் விசிட்டிங் ஏஜென்ட். கம்பெனி அனுப்புகிற ஆள், எப்போதாவதுதான் வருவார். அவர் வருகிற வாரம் பார்க்க வேண்டுமே! கால்வாய் ஓரமெல்லாம் சுண்ணாம்பு, பால் கோப்பைகள் கவிழ்த்து வரிசையாக, துரையே இருட்டோடு எழுந்து பெரட்டில், காலை ஆள் கணக்கெடுப்பில், நிற்பார். அப்பா இரண்டு இரவு வீட்டுக்கு வராமல் செக்ரோல் கூலிக் கணக்கைச் சரிபார்ப்பார். காரணம், அந்த ஆள் எழுதுகிற ரிப்போர்ட் துரை மேசைக்குப் போகாது, நேராகக் கம்பெனிக்காரர்களிடம் போகும்.

இப்போது நம் அரசாங்கத்துக்கு வாருங்கள். ஒவ்வொரு இலாகாவிலும் நேர்மைப் பிரிவு, யூனிட் இந்தெக்ரிட்டி, இருக்க வேண்டும் என்று 2013-இல் சுற்றறிக்கை வந்தது. நல்ல காரியம்தான், ஆனால் அது ஸ்டோர் ஜாகா மாதிரி, அறிக்கை இலாகாத் தலைவரிடம் போகும். பொதுப் புகார் பணியகம் 1971-இலிருந்து இருக்கிறது, பிரதமர் துறையின் கீழ். நீங்கள் போனது எந்த அலுவலகம் என்று நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, ஆனால் பொதுவாக இந்த மாதிரி இடங்களின் வேலையே இலாகாவிடம் விளக்கம் கேட்டு வாங்கி உங்களுக்குத் தருவது. போஸ்ட்மேன் என்று வைத்துக்கொள்ளுங்கள், மேலிடத்து போஸ்ட்மேன். பென்ஷன் தாமதம், பிறப்புப் பத்திரம், பதில் போடாத கவுண்டர், இதற்கெல்லாம் அது போதும், நானே பலருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், காரியம் நடந்திருக்கிறது. அதிகாரியே தப்பு செய்தவராக இருந்தால்தான் சிக்கல். திருடியவனிடமே 'திருடினாயா' என்று கடிதம் எழுதிக் கேட்ட மாதிரி ஆகிவிடும்.

விசிட்டிங் ஏஜென்ட் மாதிரி என்றால் தலைமைக் கணக்காய்வாளர். அவர் பதவி அரசியலமைப்பின் 105-ஆவது பிரிவில் இருக்கிறது. நியமிப்பது பிரதமரின் ஆலோசனையில் பேரரசர், ஆட்சியாளர்கள் மாநாட்டையும் கலந்துகொள்ள வேண்டும். ஆனால் நீக்க வேண்டும் என்றால் கூட்டரசு நீதிமன்ற நீதிபதியை நீக்குகிற அதே வழியில்தான் நீக்க முடியும். அவருடைய அறிக்கை பேரரசரிடம் போய் மக்களவையில் வைக்கப்படுகிறது, மாநிலக் கணக்கு என்றால் சட்டமன்றத்தில். எந்த அமைச்சரும் இழுப்பறையில் போட்டுப் பூட்ட முடியாது என்றுதான் சட்டத்தின் நினைப்பு. நடைமுறையில் பூட்டியும் இருக்கிறார்கள். 2016-இல் 1எம்டிபி என்ற அரசாங்க முதலீட்டு நிறுவனத்தின் கணக்காய்வு அறிக்கை அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தின் கீழ் போனது, 2018 மே மாதம் ஆட்சி மாறிய பிறகுதான் வெளியே வந்தது. ஆக, வேலி நல்ல வேலிதான், தாண்டவே முடியாத வேலி இல்லை.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். விசிட்டிங் ஏஜென்ட் வந்தது கம்பெனிப் பணத்துக்குக் காவலாக. லயத்தில் கூரை ஒழுகுகிறதா என்று பார்க்க இல்லை. காவல்காரன் சுயேச்சையானவனா என்று மட்டும் கேட்டால் போதாது, யாருக்காகக் காவல் காக்கிறான் என்றும் கேட்க வேண்டும்.


சரித்திர_டீச்சர்:

கெராணி ஐயா, அருமை. கடைசி வரிக்கு ஒன்று சேர்க்கிறேன். நம் ஆட்களுக்காகவே வெளியிலிருந்து ஒரு காவல் இருந்த காலமும் உண்டு. 1922-ஆம் ஆண்டு இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்துக்குப் பிறகு இந்திய அரசாங்கத்தின் ஏஜென்ட் ஒருவர் மலாயாவில் இருந்தார். அவர் டில்லியின் ஆள், தோட்டக்காரர்கள் கொடுக்கும் சம்பளத்தில் வாழ்ந்தவர் இல்லை. தோட்டங்களைச் சுற்றிப் பார்ப்பார், கூலி, வீடு, கள்ளுக்கடை, பள்ளிக்கூடம் என்று எல்லாம் எழுதி ஆண்டறிக்கை போடுவார், அது அச்சிலும் வரும். இன்றைக்கு ஆராய்ச்சி செய்கிறவர்கள் அந்தக் காலத்துத் தோட்ட வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள அந்த அறிக்கைகளைத்தான் புரட்டுகிறார்கள்.

ஆனால் அவரால் ஒரு துரைக்கும் அபராதம் போட முடியாது. எழுதத்தான் முடியும். 1938-இல் கூலியைக் குறைத்தார்கள், அப்போது டில்லி என்ன செய்தது தெரியுமா, உதவித்தொகையில் கூலியாட்களை அனுப்புவதையே ஜூன் மாதம் நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகுதான் இங்கே பேச்சுக்கு வந்தார்கள். குழாயை மூடக்கூடிய கை ஒன்று பின்னால் இருந்ததால்தான் ஏஜென்டின் எழுத்துக்கு மதிப்பு.


உள்ளே_இருப்பவள்:

நான் உள்கணக்காய்வில் வேலை செய்கிறவள், எந்த இலாகா என்று சொல்ல மாட்டேன், உங்கள் மாநிலம் இல்லை. எங்களைப் பற்றி எல்லாரும் ஜாகா என்று சிரிக்கிறீர்கள், பரவாயில்லை, பாதி உண்மை. சம்பளச் சீட்டில் அந்த இலாகா பெயர்தான் இருக்கிறது, பதவி உயர்வுக்கு மார்க் போடுவதும் அதே பெரியவர்தான். ஆனால் ஃபைல் எந்த அலமாரியில் இருக்கிறது என்று வெளியிலிருந்து வருகிறவருக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும். அவர்கள் வந்து கேட்டால் எடுத்துக் கொடுப்பது நாங்கள்தான். அதனால் முழுசாக ஒதுக்காதீர்கள்.

இப்போது லயத்துப்பிள்ளை அண்ணனுக்கு. நீங்கள் கேட்ட கேள்வி தப்பு. கோபித்துக்கொள்ளாதீர்கள். 'லோங்காங் ஏன் பாதியில் நிற்கிறது' என்று எழுதினால் அது சேவைப் புகார். அந்தப் பெட்டிக்குள் விழுந்ததும் அது இலாகாவுக்குப் போய்த்தான் ஆக வேண்டும், முறையே அப்படித்தான். 'பட்ஜெட் தீர்ந்துவிட்டது, இரண்டாம் கட்டத்தில் செய்வோம்' என்று ஒரு வரி பதில், 'செலெசாய்', மூடிவிடலாம். அது உண்மையாகவும் இருக்கலாம், குத்தகையை நடுவில் குறைத்து அதற்கேற்ற காசு மட்டும் கொடுத்திருந்தால் அதில் ஒரு குற்றமும் இல்லை, அதையும் மனதில் வையுங்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது வேறு. குத்தகைக்காரருக்கு முழுப்பணம் போக வேண்டுமென்றால் வேலை முடிந்தது என்று ஒரு பத்திரம் வேண்டும், பெராகுவான் சியாப் கெர்ஜா என்பார்கள். அதில் ஒரு அதிகாரி கையெழுத்துப் போட்டிருப்பார். 250 மீட்டருக்குக் கையெழுத்துப் போட்டாரா, 140-க்குப் போட்டாரா? இந்த ஒரு கேள்வி எழுதினாலே உங்கள் புகார் வேறு பெட்டிக்குப் போய்விடும். 250-க்குக் கையெழுத்து இருந்தால் அது சாக்கடைப் பிரச்சினை இல்லை, பொய்யான விவரம் உள்ள ஆவணத்தைக் காட்டித் தன் முதலாளியை, இங்கே அரசாங்கத்தை, ஏமாற்றும் விஷயம். ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் 2009-இல் 18-ஆவது பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. அந்தப் புகாரை இலாகாவிடமும் பணியகத்திடமும் கொடுக்காதீர்கள், ஆணையத்தின் மாநில அலுவலகத்தில் கொடுங்கள். அதே சட்டத்தில் 65-ஆவது பிரிவு தகவல் கொடுத்தவரின் பெயரைக் காப்பாற்றுகிறது. உங்கள் போன் நம்பரோடு கடிதம் சுற்றுகிற கதை அங்கே நடக்கக்கூடாது.

இன்னொன்று, அவசரப்பட்டு வாட்ஸ்அப் குரூப்பில் யார் பெயரையும் போடாதீர்கள். 2010-ஆம் ஆண்டு தகவல் அளிப்பவர் பாதுகாப்புச் சட்டம் அமலாக்க அமைப்பிடம் போய்ச் சொல்கிறவருக்குத்தான் குடை பிடிக்கும், பேஸ்புக்கிலும் பத்திரிகையிலும் போய்ச் சொன்னால் நனைய வேண்டியதுதான்.


கிள்ளான்_வாசி:

சிலாங்கூரில் இருந்திருந்தால் அந்தப் பத்திரத்தையே நீங்கள் கேட்டு வாங்கப் பார்க்கலாம். இங்கே 2011-இலிருந்து தகவல் சுதந்திரச் சட்டம் மாநில அளவில் இருக்கிறது, பினாங்கிலும் அப்படி ஒன்று இருக்கிறது. போரம் நிரப்பி, எதற்காகக் கேட்கிறோம் என்று காரணமும் எழுதி, கட்டணம் கட்டி, மாநில இலாகாவிடமோ நகராண்மையிடமோ கேட்கலாம். மறுத்தால் மேல்முறையீடு செய்ய ஒரு வாரியம். காரணம் கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை, நம் வரிப்பணத்துக் கணக்கை நாம் பார்க்கக் காரணம் எதற்கு? இருந்தாலும் ஒன்றும் இல்லாததற்கு இது மேல். உங்கள் மாநிலத்துக்கு அந்த வழி இல்லை, ஆகவே கையில் இருக்கிற படம்தான் ஆயுதம். பலகையைப் படம் எடுத்தீர்களா இல்லையா?

கோப்பிக்கும் ஒரு வார்த்தை. ஒய்பி விளக்கு போட்டுக் கொடுத்தார், சந்தோஷம். ஆனால் மூன்று வருடம் அந்த விளக்குப் பராமரிப்புக்குப் போன காசு எங்கே என்று ஒய்பி கேட்டாரா? நகராண்மைக் கவுன்சிலரும் கேட்க மாட்டார், ஏனென்றால் அவரை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. ஊராட்சித் தேர்தலை 1965-இல் நிறுத்தினார்கள், 1976 சட்டத்தோடு அது போயே போய்விட்டது, மாநில அரசாங்கம் நியமிக்கிறவர்தான் கவுன்சிலர். நம் பட்டணங்களில் முதல் காவல்காரன் அங்கேயே காணாமல் போய்விட்டான்.


கோப்பிஓ_கோசோங்:

சரி, சரி, எல்லாரும் என் மேல் பாய்கிறீர்கள். நான் சட்டம் இல்லை என்று சொல்லவில்லையே. சட்டம் நடக்கிற வேகத்தைச் சொல்கிறேன். போலீஸ்மீது வருகிற புகாரை விசாரிக்க ஒரு சுயேச்சை ஆணையம் வேண்டும் என்று அரச விசாரணை ஆணையம் பரிந்துரைத்தது 2005-இல், 125 பரிந்துரையில் அதுதான் பெரிய பரிந்துரை. லாக்கப்பில் உயிர் போன நம் பிள்ளைகளின் அம்மாக்கள் அதற்காக எத்தனை முறை பதாகை பிடித்தார்கள். வந்தது 2023 ஜூலை 1. பதினெட்டு வருடம்! வந்ததும் முழுப் பல்லோடு வரவில்லை, விசாரிக்கலாம், தண்டிக்க வேண்டும் என்றால் போலீஸ் படை ஆணையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

கேட்கிற ஆளையே மாற்றிவிடுகிற வித்தையும் இருக்கிறது. 2015-இல் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு 1எம்டிபியை விசாரித்துக்கொண்டிருந்தபோது ஜூலை மாதம் அமைச்சரவை மாற்றம், குழுவின் தலைவருக்கே துணை உள்துறை அமைச்சர் பதவி. கூடவே குழுவில் இன்னும் மூன்று பேருக்கும் அரசாங்கப் பதவி. விசாரணை அக்டோபரில் புதுத் தலைவர் வரும் வரை நின்றது. நாயை அடிக்கக்கூட வேண்டியதில்லை, எலும்பு போட்டால் போதும். இதையெல்லாம் பார்த்தவன் நான், எனக்கு ஒய்பி போதும் என்று சொன்னால் அதில் என்ன தப்பு?


ஓய்வு_கெராணி:

தப்பில்லை தம்பி. ஆனால் அந்தக் குழு கடைசியில் அறிக்கை கொடுத்தது, கணக்காய்வும் எழுதியே வைத்தது. 2018-இல் பூட்டைத் திறந்தபோது உள்ளே காகிதம் இருந்தது. எழுதியே வைக்காமல் இருந்திருந்தால் திறந்து என்ன பிரயோஜனம்? 2024-இல் கணக்காய்வுச் சட்டத்தைத் திருத்தி, அரசாங்கப் பணமோ உத்தரவாதமோ போன கம்பெனிக்குள்ளும் பின்தொடர்ந்து போய்ப் பார்க்க அதிகாரம் கொடுத்தார்கள், அதுவும் அந்த அடியில் பிறந்த புத்திதான் என்று நினைக்கிறேன்.

ஒய்பி விஷயத்தில் எனக்கு ஒரே வருத்தம். அவர் செய்தால் அது உதவி, நாம் கைகட்டி நன்றி சொல்ல வேண்டும். ஃபைலில் ஒரு எழுத்தும் இருக்காது. அடுத்த வரிசை வீட்டுக்காரர் அதைக் காட்டித் தனக்கும் கேட்க முடியாது.


லயத்துப்பிள்ளை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வேலை முடிந்து வந்து இரண்டு முறை படித்தேன். உள்ளே இருப்பவர் சொன்னது மண்டையில் ஏறிவிட்டது, நான் ஆறு மாதமாகச் சாக்கடையைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன், கையெழுத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

கிள்ளான்காரர் கேட்டாரே, பலகையைப் படம் எடுத்தேனா என்று. எடுக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். நேற்று இரவு வீட்டுக்காரி தன் போனைத் துழாவிக் கொண்டுவந்தாள். மகள் முதல் வகுப்பு போன முதல் நாள், புதுப் பையோடு வீட்டுப் பக்கத்தில் நிற்க வைத்து எடுத்த படம். அவளுக்குப் பின்னால் அதே பலகை! குத்தகை எண், நீளம் எல்லாம் தெரிகிறது, 250-இல் கடைசிச் சைபர் மட்டும் பாதி அவள் ஜடையில் மறைகிறது. நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் அம்மா எழுந்து வந்துவிட்டார்.

இரண்டு சந்தேகம். மகள் முகத்தை வெட்டிவிட்டுக் கொடுத்தால் ஒத்துக்கொள்வார்களா? அப்புறம், நேரில் போவதா, கடிதம் போதுமா? இங்கிருந்து ஈப்போ போய்வர ஒரு நாள் லீவு போட வேண்டும்.


உள்ளே_இருப்பவள்:

முகத்தை மறைத்த பிரதி ஒன்று கொடுங்கள், ஆனால் அசல் படத்தை போனிலிருந்து அழிக்காதீர்கள், எடுத்த தேதி அதில்தான் இருக்கிறது, கேட்டால் காட்டத் தயாராக இருங்கள். வேறு யாருக்கும் அனுப்பி வைக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் போனால் அந்த விவரம் எல்லாம் உதிர்ந்துவிடும். கயிறு பிடித்து அளந்ததை அளந்த தேதியோடு ஒரு தாளில் எழுதி மச்சானையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். யாரையும் திருடன் என்று எழுத வேண்டாம். பலகையில் இவ்வளவு, தரையில் இவ்வளவு, எவ்வளவுக்குப் பணம் போனது என்று பார்க்கவும், அவ்வளவுதான்.

முடிந்தால் நேரில் போங்கள். உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்டோம் என்று தேதியோடு சாப்பு போட்டுத் தரச் சொல்லுங்கள். சாப்பு விழாமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.


கோப்பிஓ_கோசோங்:

அண்ணே, எப்போது போகிறீர்கள்? வியாழக்கிழமை எனக்கு ஈப்போவில் வேலை இருக்கிறது, காடியில் இடம் இருக்கிறது. வழியில் ஒய்பி ஆபிசிலும் ஒரு காப்பி போட்டுவிட்டுப் போகலாம், யாரும் முறைக்காதீர்கள்.


லயத்துப்பிள்ளை எழுதியது:

வியாழக்கிழமை சரி. ஒய்பி ஆபிஸ் திரும்பி வரும்போது பார்ப்போம். பசியாறல் என் வீட்டுக்காரி கடையில், காலை ஏழு மணிக்கு வந்துவிடுங்கள், மழை பெய்திருந்தால் பின்பக்கம் வராதீர்கள்.